பட்டியலில் இருந்த பூச்சிகள்

மார்ச் 2

அன்புள்ள பூச்சிக்கு,

மூன்று குப்பிகளும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்று பாலத்தடி, ஒன்று கிழங்கு மாவு ஆலைக்குக் கீழே, ஒன்று மீன்குஞ்சு பொரிப்பகத்துக்குத் தண்ணீர் பிரியும் இடம். போன மாதம் ஸ்பிரிட் கசிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இந்த முறை மூடிமேல் மெழுகு உருக்கி விட்டிருக்கிறேன். பெட்டியைத் தலைகீழாக வைத்துவிடாதீர்கள் என்று பேருந்து நடத்துநரிடம் சொன்னேன். "உள்ள என்னதாம்மா இருக்கு?" என்றார். "என் நாத்தனாருக்குப் பூச்சி" என்றேன். அதிலிருந்து என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

தண்ணீர் இன்னும் எலும்பைக் கடிக்கிறது. மூன்று நிமிடம் ஆற்றில் நின்று கல்லை உதைத்துக் கலக்கி, வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, மண்ணும் பாசியுமாக அப்படியே குப்பிக்குள் வழித்துப் போடுகிறேன். ஒன்பது வருடமாக என் வேலை அதோடு சரி. அதில் எது இரட்டைவாலி, எது மூவாலி, எது மண்ணை ஒட்டி வீடுகட்டிக்கொண்டு திரிகிறவள் என்று பிரித்து எண்ணுவது உன் பாடு. நாத்தனார் என்றால் குறை கண்டுபிடிப்பதுதானே வேலை. உனக்கு அது சம்பளத்தோடு வாய்த்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஆலைக்குக் கீழே கற்களின்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒன்று படர்ந்திருக்கிறது. எடுத்தால் வழுக்குகிறது. புளித்த வாடை. உருளைக்கிழங்கு கழுவின தண்ணீர்தான், ஒன்றும் செய்யாது என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆலை வந்த இந்த இரண்டு வருடத்தில்தான் இதைப் பார்க்கிறேன். இப்போது அது பொரிப்பகம் வரைக்கும் வந்துவிட்டது.

உன் அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. பொரிப்பகத் தொட்டியில் டிரவுட் மீன் முட்டைகள் வெளுத்துக்கொண்டு வருகின்றன. பொரிந்த குஞ்சுகளும் தண்ணீர் விழும் மூலையிலேயே அடைந்து கிடக்கின்றன. "தண்ணில மூச்சு இல்ல" என்கிறார். மீன்துறை அலுவலகத்தில் சொன்னால், உங்கள் தங்கை அனுப்பும் பட்டியலில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்களாம்.

உன் ஜனவரி பட்டியலில் இரட்டைவாலி பதினான்கு என்று இருந்தது. அத்தனை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் கண்ணும் உன் கண்ணும் ஒன்றா. பார்த்து எழுது.

அண்ணி

மார்ச் 11

அண்ணிக்கு,

பெட்டி வந்தது. மெழுகு நல்ல யோசனை.

பாலத்தடியில் இரட்டைவாலி பதினொன்று, மூவாலி இருபத்தாறு, வீடுகட்டி எட்டு. ஆலைக்குக் கீழே இரட்டைவாலி ஏழு, மூவாலி பத்தொன்பது, வீடுகட்டி ஆறு. பொரிப்பக முகப்பில் இரட்டைவாலி ஒன்பது, மூவாலி இருபத்திரண்டு, வீடுகட்டி ஐந்து. அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

இந்த எண்ணிக்கையில் ஆற்றுக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீரை அள்ளிச் சோதித்தால் அந்த நிமிடத்துத் தண்ணீர்தான் தெரியும். பூச்சி அதே கல்லடியில் ஒரு வருடம் இரண்டு வருடம் வாழ்கிறது. நடுவில் ஒரு நாள் தண்ணீர் கெட்டிருந்தாலும் இரட்டைவாலி முதலில் செத்திருக்கும். அது இருக்கிறது என்றால் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் பஞ்சு வெயிலுக்கு வரும் பாசியாக இருக்கலாம்.

குஞ்சுகள் ஒரே மூலையில் அடைகின்றன என்றால் தொட்டியில் கூட்டம் அதிகமோ என்னவோ. அண்ணனைத் தீனியைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலை அழுத்தி எழுதுங்கள். எழுத்து மங்கலாக இருக்கிறது. என் வரிகள் கோணலாகப் போவதைக் கண்டுகொள்ள வேண்டாம். மேசை ஆடுகிறது.

பூச்சி

மார்ச் 29

பூச்சிக்கு,

புதன்கிழமை காலையில் நாற்பதாயிரம் குஞ்சும் செத்துவிட்டன.

உன் அண்ணன் தொட்டி அறையைத் திறந்தபோது எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தனவாம். என்னைக் கூப்பிட ஆளனுப்பினார். நான் போகும்போது சல்லடையால் அள்ளி அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். "எண்ணிட்டிருக்கேன், பேசாத" என்றார். நாற்பதாயிரத்தை யார் எண்ண முடியும். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மேலதிகாரி வந்தார். அன்றைக்கு ஆலை ஓடவில்லை, பழுது என்றார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, பையிலிருந்து உன் பட்டியலை எடுத்தார். "ஆறு சுத்தமா இருக்கு. எழுதியிருக்கிறது வேற யாரும் இல்ல, உங்க கூடப்பிறந்தவங்க. அப்புறம் தப்பு எங்க நடந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். தொட்டிக்கு வரும் குழாயை உன் அண்ணன் மூடிவைத்து மறந்துவிட்டார் என்பது அவர்கள் முடிவு. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குழாயில் கை வைக்காத நாள் கிடையாது அவருக்கு. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று காகிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி, மார்ச் குப்பிகளை இன்னொரு முறை பார். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. ஆனாலும் அப்படித்தான் கேட்கிறேன்.

அண்ணி

ஏப்ரல் 5

அண்ணிக்கு,

படித்ததும் கை ஓடவில்லை. அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

குப்பிகளை மறுபடியும் பார்த்தேன். எண்ணிக்கை அதேதான். ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

அண்ணன் என்பதற்காக நான் பட்டியலை மாற்றி எழுத முடியாது. இன்றைக்கு அவருக்காக மாற்றினால் நாளைக்கு ஆலைக்காரன் வந்து நிற்பான். இது இருபத்தெட்டு வருடமாக நான் காப்பாற்றி வைத்திருக்கும் பெயர். நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் வலையில் விழுந்ததை வழித்துப் போடுவது வேறு, அது என்ன என்று சொல்வது வேறு. தட்டில் குறைவாக இருந்தது போல் தோன்றியது என்பதெல்லாம் கணக்கில் வராது.

மனிதனுக்கு மறதி வருவது குற்றம் இல்லை. அண்ணனுக்கும் வயது ஆகிறது. உண்மையை ஒத்துக்கொண்டால் தண்டனையைக் குறைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பூச்சி

மே 3

பூச்சிக்கு,

ஏப்ரல் பெட்டிக்கு உன் பட்டியல் வந்தது. கொல்லைப் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன்.

உன் முந்தைய கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. அதில் வயதாகிறது என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை நான் அடுப்பில் போட்டேன். ஆனால் எனக்குள் அது எரிந்து போகவில்லை. மறுநாளே பேருந்து ஏறிப் போய், கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தேன். வெள்ளைத் தட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, ஏப்ரல் மாதத்துப் பூச்சிகளை நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்து நாள் பழகியபிறகு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று தெரிந்தது. வால் இரண்டா, மூன்றா. வயிற்றின் பக்கவாட்டில் இலை போல் செவுள் துடிக்கிறதா, இல்லையா. துடித்தால் மூவாலி.

பாலத்தடியில் மூவாலி நான்கு. இரட்டைவாலி ஒன்றுகூட இல்லை. ஆலைக்குக் கீழே சிவப்புப் புழுவைத் தவிர வேறு எதுவும் இல்லை. பொரிப்பக முகப்பிலும் அதேதான்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன். மூன்றாவது குப்பியில் பூச்சியே போடவில்லை. துடைப்பத்தில் உதிர்ந்த குச்சிகளைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, சீட்டில் பென்சிலை அழுத்தி எழுதி அனுப்பினேன்.

அந்தக் குப்பிக்கு நீ எழுதியிருப்பது: இரட்டைவாலி ஒன்பது, மூவாலி ஆறு, வீடுகட்டி நான்கு.

எனக்குப் பதில் வேண்டும். நீ ஆலைக்காரர்களிடம் ஏதாவது வாங்கினாயா? வாங்கியிருக்க மாட்டாய் என்றுதான் மனது சொல்கிறது. அப்படியானால் வேறு என்ன என்று நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணி

மே 19

அண்ணிக்கு,

ஆறு தாள் கிழித்தாகிவிட்டது. இதைக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

ஆலைக்காரர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் தெரியவில்லை.

முழுக்கத் தெரியாமல் இல்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் இல்லாமல் போகிறது. வாசலில் ஒருவர் நின்றால் தோள் தெரியும், கை தெரியும், கையில் இருக்கும் பையும் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈர விரலால் தேய்த்து அழித்தது போல ஒரு கறை. நுண்ணோக்கியில் குனிந்தால் பூச்சியின் ஓரம் தெரிகிறது. வாலை எண்ணப் போனால் வால் இருக்காது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அக்டோபரில் ஆரம்பித்தது. லென்ஸில் அழுக்கு என்று நினைத்து மூன்று முறை துடைத்தேன். பல்பு மங்கிவிட்டது என்று அலுவலகத்தில் புது பல்பு கேட்டு வாங்கினேன். அதற்கும் ஒரு வாரம் சண்டை போட்டேன். புது பல்பு போட்ட அன்றைக்கும் கறை அங்கேயேதான் இருந்தது. அன்றைக்குப் பட்டியல் அனுப்பியாக வேண்டும். முந்தின வருடத்து அக்டோபர் பட்டியலை எடுத்து, ஒன்றைக் கூட்டி, இரண்டைக் குறைத்து எழுதி அனுப்பினேன். இந்த ஒரு மாதம்தான், அதற்குள் கண் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. நவம்பரில் பழைய பட்டியலைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எந்த மாதம் எந்த இடத்தில் எது எத்தனை வரும் என்று எனக்கு மனப்பாடம். கடுங்குளிரில் ஏறும், மழையில் இறங்கும். அதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். நீங்கள் அங்கே பஞ்சு படர்ந்த கல்லை உதைத்துக்கொண்டிருந்தபோது, என் பட்டியலில் ஆறு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

வைத்தியரிடம் போகவில்லை. போனால் அவர் எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்தால் வேலையை விட வேண்டும். பிழைப்புக்காக மட்டும் பயப்படவில்லை. கல்யாணம் காட்சி என்று எனக்கு எதுவும் அமையவில்லை, உங்களுக்கே தெரியும். "அந்தப் பூச்சிக்காரம்மாவைக் கேளு, அவங்களுக்குத் தெரியும்" என்று நாலு பேர் சொல்வார்கள். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. குப்பிகளை மறுபடியும் பார்த்தேன் என்று எழுதினேனே, அது பொய். பார்க்கவில்லை. உங்களுக்கு அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள், யாராவது வந்து குப்பிகளைக் கேட்பார்கள் என்று பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடத்துக் குப்பிகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து கழுவும் தொட்டியில் ஊற்றினேன். ஸ்பிரிட் வாடையில் தலை சுற்றியது. சீட்டுகள் குழாய் வாயில் அடைத்துக்கொண்டன. அவற்றைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். அந்தக் குப்பிகள் இருந்திருந்தால் வேறு யாராவது பார்த்து, பூச்சிகள் எந்த மாதம் போயின என்று சொல்லியிருப்பார்கள். அண்ணனுக்கு அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும். இப்போது அது இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் போய்ச் சொல்லப் போகிறேன். அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு எழுத வரவில்லை.

பூச்சி

மே 27

பூச்சிக்கு,

உன் கடிதத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வலையில் கிழிந்த கண்ணியை முடிந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போகாவிட்டாலும் அந்த வலைகளை விடவில்லை. நான் படித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. கழுவும் தொட்டியில் ஊற்றிய இடம் வந்தபோது கை மட்டும் நின்றது.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால் நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

"அப்போ யாரு அவளுக்குச் சமைக்கிறது?" என்று கேட்டார்.

"அவளேதான் சமைப்பா, வேற யாரு" என்றேன்.

"சூடா ஏதாவது கொட்டிக்கப் போறா."

அவ்வளவுதான். அடுத்த கண்ணியை எடுத்துக்கொண்டு, "அவள ஆபீஸ்ல எதுவும் சொல்ல வேணாம்னு எழுது. என் வேலதான் போச்சு. அவ வேலயும் போய் யாருக்கு என்ன ஆகப்போகுது" என்றார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இனி நான் சொல்வது. நீ போய்ச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கடிதம் வருவதற்குள் சொல்லியிருந்தால் நல்லது. சொல்லவில்லை என்றால் அன்றைக்கே போ. அவர் தெருவில் நடந்தால், குழாயை மூடி மறந்தவர் போகிறார் என்று பேசுகிறார்கள். கடைக்காரர்கூட, "குழாயத் திறந்து வச்சீங்களா, பாத்துக்கங்க" என்று சிரிக்கிறார். இவர் அதற்கும் சேர்ந்து சிரித்துவிட்டு வருகிறார். வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து திறந்து பார்க்கிறார். "ஒருவேள நான்தான் மூடிட்டேனோ?" என்று போன வாரம் என்னிடமே கேட்டார். தான் செய்யவே இல்லை என்று அவருக்கே இப்போது நிச்சயம் இல்லை. உன் பட்டியல் அவரை அந்த அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

உன்மேல் எனக்கு இரக்கம் வருகிறது. வருவதனால் கோபம் இன்னும் அதிகமாகிறது. நீ கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணி

ஜூன் 14

அண்ணிக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது எதிர்வீட்டுத் தையல்காரம்மா. நீங்கள் எழுதுவதையும் இனி அவர்தான் படித்துச் சொல்வார். ஆகவே திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் பார்த்துத் திட்டுங்கள். தாராளமாகத் திட்டட்டும், நான் எங்கேயும் சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்கிறார்.

போய்ச் சொன்னேன். நான்கு முறை போனேன். முதல் மூன்று முறை வரவேற்பு அறை நாற்காலியோடு சரி. நான்காவது முறை மேலதிகாரி கூப்பிட்டார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். முடித்ததும், "கூடப்பிறந்தவருக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. பெரிய மனசு உங்களுக்கு" என்றார்.

"நான் பொய் சொல்லலை" என்றேன்.

"நீங்க பொய் சொன்னதாத்தானே இப்போ சொல்றீங்க" என்றார்.

கண் வைத்தியரின் சீட்டைக் காட்டினேன். "இது இப்போ கண் கெட்டிருக்குன்னு சொல்லுது. ரெண்டு வருஷம் முன்னாடி கெட்டதுக்கு என்ன இருக்கு?" என்றார். குப்பிகளைக் கேட்டார். கொட்டிவிட்டேன் என்றேன். துடைப்பக் குச்சிக் குப்பியைப் பற்றிச் சொன்னேன். "அதைப் போட்டது அவரோட சம்சாரம்தானே" என்றார். இப்போதாவது யாரையாவது அனுப்பி ஆற்றைப் பாருங்கள், ஒரு பூச்சி இல்லை என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இப்போ இல்லேன்னா இப்போ இல்ல. அந்தக் குஞ்சுங்க சாகிறப்போ இருந்துதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்க கையெழுத்துதானே இது?" என்று காகிதத்தை என் முன்னால் நகர்த்தினார். எனக்குக் காகிதத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. கையெழுத்து இருக்கும் இடம் தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

கண் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதை வைத்து என்னை வேலையிலிருந்து அனுப்பியாயிற்று. உடல்நிலை காரணமாக என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்களாம். என் இருபத்தெட்டு வருடத்துப் பட்டியல்கள் எதிலும் கை வைக்கவில்லை. எல்லாம் சரியானவை என்றே இருக்கும்.

நான் சொன்ன பொய்யை நம்பினார்கள், அண்ணி. உண்மையைத்தான் நம்பவில்லை.

அண்ணனிடம் என்ன சொல்வீர்களோ தெரியாது. தையல்காரம்மா பேனாவை வைத்துவிட்டு எனக்காக அழுகிறார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

பூச்சி

ஆகஸ்ட் 8

பூச்சிக்கு,

இனி உனக்கு அனுப்பப் பெட்டி இல்லை, கடிதம் மட்டும்தான். ஜூன் மாதத்தோடு என்னையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டியல் எழுத ஆள் இல்லாதபோது பூச்சி பிடிக்க ஆள் எதற்கு.

விசாரணை முடிந்தது. கவனக்குறைவு என்று எழுதி அவரை நீக்கிவிட்டார்கள். வேலையோடு கொடுத்திருந்த வீட்டையும் காலி செய்து கொடுத்தாயிற்று. இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறோம். சன்னலைத் திறந்தால் வண்டிப் புகை. மூடினால் பக்கத்து அறையின் வானொலி. இங்கே ஆற்றுச் சத்தம் கேட்பதில்லை. முதல் நான்கு நாள் அவருக்குத் தூக்கமே வரவில்லை. அப்புறம் பழகிவிட்டார்.

நான் எழுதத் தயங்குவது இதுதான். அவர் வேலைக்குப் போகிறார். மாவு ஆலைக்கு.

ஐம்பத்தாறு வயதில், நீக்கப்பட்டவர் என்ற பெயரோடு, இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யார் வேலை கொடுப்பார்கள். பொரிப்பகத்தையும் மூடப் போகிறார்களாம். ஆலைக்காரர்கள் மட்டும் எதையும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய், மதகு எல்லாம் பழக்கம் உள்ளவரா, வாருங்கள் என்றார்கள். கிழங்கு அரைத்த தொட்டிகளைக் கழுவி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மதகைத் திறந்து விடுவது அவர் வேலை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று உனக்குத் தெரியும்.

முதல் நாள் வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் மாவு காய்ந்து விறைத்திருந்தது. தேநீரைக் கொடுத்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டேன். "சுலபமான வேலதான். சக்கரத்த ஒரு பன்னிரண்டு சுத்து சுத்தணும்" என்றார். தேநீரைக் குடித்துவிட்டு, "நான் திறக்கலைன்னா வேற ஒருத்தன் திறப்பான்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லையே, ஏன் பதில் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

உன்னை வந்து எங்களோடு இருக்கச் சொல்கிறார். ஒரே அறைதான். ஆனாலும் சுவரோரம் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்தார். நானும்தான் கூப்பிடுகிறேன். எனக்குள் இன்னும் ஆறவில்லை. அதை மறைத்துக்கொண்டு கூப்பிடவில்லை. ஆறாவிட்டாலும் வா.

அண்ணி

செப்டம்பர் 1

அண்ணிக்கு,

வரமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் சாயங்காலம் ஆலையிலிருந்து வரும்போது நான் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருக்க முடியாது. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், தட்டில் சாப்பாட்டைப் போட்டு என் பக்கம் நகர்த்துவார். அதுதான் என்னால் ஆகாது.

இங்கே எனக்கு நாள் போகிறது. தையல்காரம்மாவுக்குப் பித்தான்களைப் பிரித்துக் கொடுக்கிறேன். இரண்டு துளை, நான்கு துளை. விரலால் தடவினாலே தெரிகிறது. நான் இதுவரைக்கும் ஒன்றிலும் தப்பு விடவில்லை என்று அவர் எழுதச் சொல்கிறார். அதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி அலுவலகம் இல்லை, பட்டியல் இல்லை. யாருக்கும் எதற்கும் பயன்படாது. எனக்காக ஒரு முறை பாலத்தடிக்குப் போய், கல்லைப் புரட்டிப் பார்த்து, என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு வருடமாக அந்த ஆற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உள்ளபடி எழுதுங்கள்.

பூச்சி

அக்டோபர் 12

பூச்சிக்கு,

நேற்று ஆலைக்கு விடுமுறை. பாலத்தடி வரைக்கும் போய் வருகிறேன் என்று கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று உன் அண்ணனும் சட்டையை மாட்டிக்கொண்டார். வழியில் கிழங்கு விலை, பக்கத்து அறைக்காரரின் இருமல் என்று எதையாவது பேசிக்கொண்டே வந்தார். ஆற்றைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. கீழே இறங்கவில்லை. கரையில் நின்றுகொண்டார்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இருபது கல் புரட்டினேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, அந்தக் கடிகார லென்ஸை வைத்துப் பார்த்தேன். பஞ்சு இப்போது பாலத்துக்கு மேற்பக்கமும் போய்விட்டது. ஆலை அங்கேயும் இரண்டாவது கழிவுக் குழாய் ஒன்றைப் போட்டிருக்கிறது. பதினேழு கல்லில் ஒன்றும் இல்லை. மூன்று கல்லில் சிவப்புப் புழு. கரையோரம் தேங்கிய சகதியில், எலிவால் போல நீளமான குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு புழு. சாக்கடையில் இருப்பது என்று நீ ஒரு முறை சொல்லியிருக்கிறாய். வீடுகட்டிகளின் பழைய கூடுகள் ஐந்தாறு கல்லில் ஒட்டியிருந்தன. நகத்தால் பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே மண்தான்.

முதுகு வலிக்க நிமிர்ந்தேன். அவர் மேலே அப்படியே நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு சுற்று சுற்றும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருடத்தில் எவ்வளவு இளைத்துவிட்டார் என்று கீழேயிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது.

"ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கையில் கல் இருந்தது. அதை மெதுவாகப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

"இருக்கு. இரட்டைவாலி மூணு நாலு தென்படுது. மூவாலியும் இருக்கு" என்றேன்.

"அப்போ பரவால்ல" என்றார். திரும்பி வரும்போது கடையில் நிறுத்தி எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவரும் குடித்தார். நேற்றுத் தூங்கினார்.

தையல்காரம்மா, இதை நீங்கள் படிக்கும்போது குரலைத் தாழ்த்திப் படியுங்கள். பூச்சி, நீ உள்ளபடி எழுதச் சொன்னாய். உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஒன்றும் இல்லை.

அண்ணி